முந்தின பந்திலேயே எடுத்த விக்கெட்

நடுவர் அவர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் எங்கள் ஊர் டென்னிஸ் பந்து வீரர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வேகப்பந்து வீச்சாளரை உயர்த்துவது வேகமா, அறிவா? அறிவுதான் என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர், 2003 உலகக் கோப்பையில் பாகிஸ்தானின் ஷோயப் அக்தர் 161.3 கிலோமீட்டர் வேகத்தில் வீசியதைச் சொல்லிக் கைதட்டு வாங்கினார். நானும் தட்டினேன். ஆனால் அந்தப் பந்தில் விக்கெட் விழவில்லையே ஐயா! இங்கிலாந்து பேட்ஸ்மேன் நிக் நைட் சமாளித்துவிட்டார். அக்தருக்கு 46 டெஸ்டில் 178 விக்கெட். அவரைவிட எவ்வளவோ வேகம் குறைந்த ஆஸ்திரேலியாவின் மெக்ராத்துக்கு 124 டெஸ்டில் 563. ஒரு டெஸ்டுக்கு எத்தனை என்று வகுத்துப் பார்த்தாலும் மெக்ராத்தான் முன்னால் நிற்கிறார்.

இது ஆரல்வாய்மொழி, கணவாய்க் காற்று வீசுகிற ஊர். ஆடிக்காற்றில் இங்கே டென்னிஸ் பந்து போட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். வேகமாகப் போடுகிற பையன்கள் எல்லாரும் காற்று முதுகில் அடிக்கிற பக்கம்தான் கேட்பார்கள். எங்கள் டீமில் ஒரு அண்ணன் இருந்தார். அவர் கேப்டனிடம், "மக்கா, எனக்கு எதிர்காத்துப் பக்கம் தா" என்பார். இரண்டு பந்தைத் தரையில் குத்தி விடுவார். மூன்றாவதை அதே ஓட்டம், அதே கைவீச்சோடு கொஞ்சம் மேலே தூக்கி விடுவார். கணவாய்க் காற்று பந்தைப் பிடித்து நிறுத்தும். பேட்டைச் சுற்றி முடித்த பிறகுதான் பந்து வந்து சேரும். அந்த விக்கெட்டை அண்ணன் முந்தின இரண்டு பந்திலேயே எடுத்துவிட்டார், நடுவர் அவர்களே!

ஆன்டிகுவாவிலிருந்து வந்த வெஸ்ட் இண்டீஸ் வேகப்பந்து வீச்சாளர் ஆண்டி ராபர்ட்ஸ் செய்ததும் இதுதான். முதலில் வேகம் குறைந்த பவுன்சர், அதாவது தரையில் குத்தி மேலே எழும்பும் பந்து. அடித்தவர், 'இவ்வளவுதானா' என்று நினைப்பார். அடுத்தது அதே மாதிரி கிளம்பி வரும், வேகம் மட்டும் வேறு. நண்பர் சொல்லலாம், அங்கே ஆளை வீழ்த்தியது வேகம்தானே என்று. ஆமாம், வேகம்தான். ஆனால் அந்த வேகத்தை ஒரு பந்து வரைக்கும் ஒளித்து வைத்தது எது?

1992 மார்ச் 25, மெல்போர்ன், உலகக் கோப்பை இறுதிப்போட்டி. இங்கிலாந்து 141 ரன்னுக்கு 4 விக்கெட். லாம்பும் ஃபேர்பிரதரும் 72 ரன் சேர்த்துவிட்டார்கள். பாகிஸ்தானின் இடதுகைக்காரர் வாசிம் அக்ரம் ஸ்டம்பைச் சுற்றி வந்து வீசுகிறார். உள்ளே வருகிற மாதிரி கிளம்பிய பந்து, லாம்பைத் தாண்டும்போது வெளியே திரும்பி ஸ்டம்பைப் பெயர்த்தது. அடுத்து வந்த லூயிஸ் வெளியே போகும் பந்தை எதிர்பார்த்திருப்பார். வந்ததோ உள்ளே! பேட்டின் உள்விளிம்பில் பட்டு ஸ்டம்பில். 141க்கு 6. பாகிஸ்தான் 22 ரன்னில் ஜெயித்தது. அந்த இரண்டு பந்தையும் இன்று பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

கடைசியாக நம்ம பும்ரா. 2018, அதே மெல்போர்ன், ஆஸ்திரேலியாவோடு டெஸ்ட். மதிய உணவுக்கு முந்தைய கடைசிப் பந்து. ஷான் மார்ஷுக்குத் திடீரென்று வேகம் குறைத்து, காலடியில் விழுகிற மாதிரி ஒரு யார்க்கர். காலில் பட்டு எல்பிடபிள்யூ அவுட்! "அந்த யோசனை ரோஹித் சர்மா சொன்னது" என்று நண்பர் எழுந்திருப்பார். ஆமாம், ரோஹித்தான் சொன்னார். விரட்டி விரட்டி வேகமாகப் போட்டுக்கொண்டிருக்கிறவன், பக்கத்தில் நிற்பவன் சொன்னதைக் காதில் வாங்கி, அதுவரை டெஸ்டில் அவ்வளவாகப் போடாத பந்தை மெல்போர்ன் கூட்டத்துக்கு நடுவே குறி தப்பாமல் போடுகிறானே, அதற்கு என்ன பெயர் வைப்பது? நடுவர் அவர்களே, அதை நீங்களே சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.