இரண்டு வருடம் எதுவும் செய்யாதவர்

வணக்கம். வானொலியில் சிற்பத்தைப் பற்றிப் பேச வருவது கொஞ்சம் வம்புதான், என்னால் காட்ட முடியாது, உங்களால் பார்க்க முடியாது. சரி, சொல்லிப் பார்க்கிறேன். பெரிய பொட்டலம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பளி நூல், துணிக் கிழிசல், கயிறு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் சுற்றி, முடிச்சுப் போட்டு, அதன் மேல் மறுபடி சுற்றி, உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாதபடி ஆக்கியிருப்பார்கள். குச்சியாக இருக்கலாம், உடைந்த விசிறியாகவும் இருக்கலாம்.

செய்தவர் ஜூடித் ஸ்காட். 1943இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் இரட்டையரில் ஒருவராகப் பிறந்தவர், பிறவியிலேயே அறிவு வளர்ச்சி மெதுவாக இருக்கும் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர். காதும் கேட்காது, ஆனால் அது பல வருடம் யாருக்கும் தெரியவில்லை. பதில் சொல்லவில்லையா, அப்படியானால் இந்தப் பிள்ளைக்கு எதுவும் ஏறாது என்று முடிவுகட்டி, ஏழு வயதில் காப்பகத்தில் விட்டார்கள். காப்பகங்களிலேயே முப்பத்தைந்து வருடம். அப்புறம் இரட்டைச் சகோதரி ஜாய்ஸ் சட்டப்படி பொறுப்பேற்று கலிஃபோர்னியாவுக்கு அழைத்து வந்தார். 1987இல் ஓக்லாண்டில் உள்ள கிரியேட்டிவ் குரோத் என்ற, மாற்றுத்திறனாளிகள் வந்து கலை செய்யும் கூடத்தில் சேர்த்தார்.

அதை 1974இல் தொடங்கியவர்கள் ஒரு தம்பதி. எலியஸ் காட்ஸ் உளவியலாளர், ஃபுளோரன்ஸ் ஓவியர். கலிஃபோர்னியாவின் பெரிய அரசுக் காப்பகங்களிலிருந்து ஆட்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. வெளியே வந்தவர்கள் பகலில் எங்கே போவார்கள், என்ன செய்வார்கள்? இந்தத் தம்பதி தங்கள் வீட்டு கார் ஷெட்டில் வண்ணத்தையும் தூரிகையையும் வைத்து ஆரம்பித்தார்கள். இப்போது இருக்கும் கட்டடமும் ஒரு காலத்தில் கார் ஒர்க்‌ஷாப்தான்!

அங்கே பாடம் எடுப்பதில்லை. பக்கத்தில் ஓவியர்கள் இருப்பார்கள், கேட்டதை எடுத்துத் தருவார்கள், அவ்வளவுதான். படைப்பு விற்றால் பாதிப் பணம் செய்தவருக்கு. இதைக் கேட்டபோதுதான் எனக்கு மரியாதை வந்தது, ஏனென்றால் 'பாவம்' என்று வாங்கிப் போகும் மெழுகுவர்த்தி விற்பனை வேறு, கலைஞருக்குப் பங்கு கொடுப்பது வேறு.

ஜூடித்துக்கு வருவோம். சேர்ந்து கிட்டத்தட்ட இரண்டு வருடம் எதிலும் மனம் ஒட்டவில்லை, தாளில் ஏதோ கிறுக்கிவிட்டு உட்கார்ந்திருப்பார். நன்கொடை தருபவருக்கு அனுப்பும் ஆண்டறிக்கையில் இதை எப்படி எழுதுவீர்கள்? ஆனாலும் அவரை யாரும் அனுப்பிவிடவில்லை. ஒருநாள் நூல், துணி வைத்து வேலை செய்யும் கலைஞர் ஒருவர் பட்டறை நடத்த வந்தார். ஜூடித் அவர் சொன்ன எதையும் செய்யாமல், குச்சிகளை எடுத்து நூலைச் சுற்ற ஆரம்பித்தார். 2005இல் இறக்கும் வரை நிறுத்தவில்லை.

அவருடைய படைப்புகள் பின்னாளில் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சியாக வைக்கப்பட்டன. 2024இல் சான் ஃபிரான்சிஸ்கோ நவீன கலை அருங்காட்சியகம் கிரியேட்டிவ் குரோத்தின் ஐம்பதாவது ஆண்டையொட்டிப் பெரிய கண்காட்சி நடத்தியது, அந்தக் கலைஞர்களின் நூற்றுக்கும் மேற்பட்ட படைப்புகளைத் தன் சேகரிப்பிலும் சேர்த்துக்கொண்டது.

எனக்குப் பிடித்தது வேறொன்று. ஒருமுறை நூல் கிடைக்காமல் போக, ஜூடித் கை துடைக்கும் காகிதத்தை எடுத்து முறுக்கி முடிச்சுப் போட்டே ஒரு படைப்பை முடித்துவிட்டார். ஏன் இப்படி வீணாக்குகிறாய் என்று கையிலிருந்து பிடுங்க அங்கே ஆள் இல்லை. முழுக்க வெளுப்பு, ஒரு பொட்டு நிறம் கிடையாது, முடிச்சு மேல் முடிச்சு.