நாற்பது முகமூடிகளை ஏன் எரித்தார்கள்?

[காட்சி: இருண்ட திரை. விறகு எரியும் ஓசை மட்டும்.]

2012ஆம் ஆண்டு. கனடாவின் வான்கூவர் நகரில் ஒரு கலைக்கூடச் சுவரில் நாற்பது மர முகமூடிகள் மாட்டப்பட்டிருந்தன. செதுக்கியவர் போ டிக், குவாக்குவகாவாக்கு என்னும் பூர்வகுடி மக்களிடையே பிறந்து பெரும்பெயர் பெற்ற சிற்பி. அந்த நாற்பதையும் அவர் சுவரிலிருந்து இறக்கித் தம் ஊரான அலர்ட் பேக்கு எடுத்துச் சென்றார். அங்கே கடைசி முறையாக அவற்றை அணிந்து ஆடினார்கள். ஆடி முடித்ததும் சடங்கோடு தீயில் இட்டார்கள்.

அருங்காட்சியகங்கள் போட்டி போட்டு வாங்கும் கலைப்பொருளைச் செய்தவரே எரிப்பதா? எனக்கும் முதலில் மனம் பதைத்தது. காரணம் புரிய வேண்டுமானால், இந்த மக்களின் ஒரு முகமூடியையாவது பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

[காட்சி: வான்கூவர் தீவின் வடகரை. மழை, மூடுபனி, உயர்ந்த சிடார் மரங்கள்.]

குவாக்குவகாவாக்கு என்றால் குவாக்வலா மொழி பேசுவோர் என்று பொருள். வான்கூவர் தீவின் வடபகுதியும் அதற்கு எதிரே உள்ள பெருநிலக் கரையும் தீவுகளும் இவர்களுடைய மண். சால்மன் மீனும் சிடார் மரமும் இவர்கள் வாழ்வைத் தாங்கின. குளிர்காலம் சடங்குகளின் காலம்.

அந்தச் சடங்குகளில் தலையானது ஹமட்சா. உலகின் வடகோடியில், உடலெங்கும் வாய்களைக் கொண்ட ஓர் ஆள்தின்னி ஆவி வாழ்கிறது. அதன் வீட்டில் பயங்கரமான பறவைகள் உண்டு. அவற்றில் ஹுக்ஹுக்கு என்னும் பறவை நீண்ட அலகால் மனித மண்டையோட்டைப் பிளந்து மூளையைத் தின்னும். ஆவி பிடித்துக் காட்டிலிருந்து வெறியோடு திரும்பும் இளைஞனை ஆட்டத்தாலும் பாட்டாலும் தணித்து மீண்டும் மனிதனாக்குவதே சடங்கு.

[காட்சி: ஹுக்ஹுக்கு முகமூடி, பக்கவாட்டில்.]

இந்த அலகைப் பாருங்கள். சில முகமூடிகளில் இது ஒரு மீட்டரைத் தாண்டும். இவ்வளவு நீளத்தைத் தலையில் சுமந்து ஆட வேண்டும் என்பதால்தான் எடை குறைந்த செந்நிற சிடார் மரம். வாய்ச்சியால் உருவம் இறக்கி, வளைந்த கத்தியால் நுணுக்கம் சேர்ப்பார்கள். கீழ் அலகு தனித் துண்டு. அதை அசைக்கும் கயிறு ஆடுபவர் கையில் இருக்கும். சிடார் பட்டையிலிருந்து எடுத்த நார்கள் தொங்கி அவர் உடலை மறைக்கும். முற்காலத்தில் சால்மன் முட்டையை மென்று, அந்தப் பசையில் நிறப்பொடியைக் குழைத்துப் பூசினார்கள்.

கடையில் எனாமல் வண்ணம் கிடைக்கத் தொடங்கியபோது அதை வில்லி சீவீட் எடுத்துக்கொண்ட விதம் எனக்கு மிகப் பிடிக்கும். பிளண்டன் ஹார்பர் என்ற ஊரில் வாழ்ந்து 1967இல் மறைந்த சிற்ப மேதை அவர். வட்டக்கருவி வைத்துக் கண்களை வரைந்தார். வளைவுகளில் ஒரு பிசிறு இராது. பளபளக்கும் கறுப்பும் சிவப்பும் வெள்ளையும் தீயின் வெளிச்சத்தை வாங்கித் திருப்பி வீசும். இருட்டு மண்டபத்தில் ஆடுபவர் தரையோடு குந்தி, துள்ளி, தலையைச் சட்டென்று திருப்புவார். கயிறு இழுபடும். அலகு படபடவென்று அடித்துக்கொள்ளும். அந்த ஓசைக்காகவும் அந்த வெளிச்சத்துக்காகவும் செய்யப்பட்ட பொருள் இது. புகைப்படத்தில் பார்க்கும்போது இதில் பாதியைக்கூட நாம் பார்ப்பதில்லை.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாதது: உரிமை. ஆட்டமும் பாட்டும் பெயரும் இன்ன குடும்பத்துக்கு என்று உண்டு. பிறப்பாலோ திருமணத்தாலோதான் அது கைமாறும். அந்த உரிமையை ஊரறியக் காட்டும் பெருவிழா பாட்லாட்ச். வந்தவர்களுக்கு விருந்து வைத்தவர் பொருளை வாரி வழங்குவார். பரிசைப் பெற்றுக்கொண்டவர் சாட்சி ஆகிறார். எழுத்தில் இல்லாத பத்திரப்பதிவு அது.

கனடா அரசு இதைக் குற்றமாக்கியது. 1884இல் கொண்டுவந்த சட்டத்திருத்தம் மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது, 1951வரை நீடித்தது. சீவீட் போன்றோர் தடைக்காலம் முழுவதும் செதுக்கிக்கொண்டேதான் இருந்தார்கள்.

1921 டிசம்பரில் வில்லேஜ் தீவில் டான் கிரான்மர் ஒரு பெரும் பாட்லாட்ச் நடத்தினார். அரசின் முகவர் வில்லியம் ஹாலிடே 45 பேர்மீது வழக்குப் போட்டார். என்ன குற்றம்? பேசியது, ஆடியது, பரிசுகளை எடுத்துக் கொடுத்தது! பிறகு ஒரு பேரம்: உங்கள் ஊர் முழுவதும் முகமூடிகளையும் சடங்குப் பொருள்களையும் ஒப்படைத்தால் சிறை இல்லை. மறுத்தவர்கள் சிறைக்குப் போனார்கள். மற்றவர்கள் கொடுத்த நூற்றுக்கணக்கான பொருள்களை அலர்ட் பேயின் தேவாலய மண்டபத்தில் பரப்பிக் காட்சிக்கு வைத்தார்கள். ஒரு பகுதியை ஜார்ஜ் ஹை என்ற நியூயார்க் சேகரிப்பாளருக்கு ஹாலிடே விற்றார். மீதி பெரும்பாலும் ஒட்டாவாவுக்கும் டொரான்டோவுக்கும் போனது. மிரட்டிப் பெற்றதை நன்கொடை என்று எவரும் சொல்ல முடியாது. அது பறிப்பு.

[காட்சி: மீண்டும் தீ.]

இப்போது அந்த நாற்பது முகமூடிகளுக்கு வருவோம். அவை அட்லகிம் என்னும் காட்டு ஆவிகளின் ஆட்டத்துக்கு உரியவை. நான்கு முறை ஆடியபின் எரித்துவிட்டுப் புதிதாகச் செதுக்க வேண்டும் என்பது அந்த ஆட்டத்தின் மரபு. மரம் எரிந்தாலும் ஆடும் உரிமை எரிவதில்லை. புதிய முகமூடி செய்ய இன்னொருவர் வாய்ச்சி எடுப்பார். அப்படித்தான் கலை அடுத்த கைக்குப் போகிறது. எரிக்கத் துணிந்த அதே மக்கள், பறிபோனவற்றை மீட்கப் பல பத்தாண்டுகள் போராடியதும் இதனால்தான். எப்போது வைத்திருப்பது, எப்போது எரிப்பது என்று சொல்லும் உரிமை அவர்களுடையது. 1922இல் அதைத்தான் பறித்தார்கள்.

அருங்காட்சியகம் கட்டினால் தருகிறோம் என்றது ஒட்டாவா. இவர்களுடைய இன்னொரு ஊரான கேப் மட்ஜில் 1979இலும் அலர்ட் பேயில் 1980இலும் கட்டினார்கள். அலர்ட் பேயில் உள்ளதன் பெயர் உமிஸ்டா. எதிரிகளிடம் சிறைப்பட்டவர் வீடு திரும்பினால் அவருக்கு உமிஸ்டா கிடைத்தது என்பார்கள்.

[காட்சி: உமிஸ்டா மையத்தின் உள்ளே.]

பாட்லாட்சில் தோன்றும் வரிசையிலேயே அங்கே முகமூடிகள் நிற்கின்றன. முன்னால் கண்ணாடி இல்லை. அத்தனை ஆண்டுகள் பூட்டிக் கிடந்தவற்றை மறுபடி அடைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. 2003இல் பாரிஸிலிருந்தும் ஒரு தலையணி வந்து சேர்ந்தது. கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோனின் சேகரிப்பில் இருந்த அதை அவருடைய மகளே கொண்டுவந்து கொடுத்தார். சில பொருள்கள் இன்னும் திரும்பவில்லை. தேடிக்கொண்டிருக்கிறார்கள்.