வறண்ட கிணற்றுக் கன்னிமார்

நேயர்களுக்கு வணக்கம். ஆண்டுக்கொரு புதுக் கருவி வந்து பழையதைத் தள்ளிவிடுகிற இந்நாளில், நிலைத்த நம்பிக்கை எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறது என்று பேசும்படி கேட்டிருக்கிறார்கள். தத்துவம் எனக்குத் தெரியாது. காங்கயம் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக் கிணற்றைத் தெரியும். அதைப் பற்றிச் சொல்கிறேன்.

அந்தக் கிணற்றில் என் அப்பாரு, அதாவது தாத்தா, காளை பூட்டிக் கவலை இறைத்தார். காளைகள் வாரிச் சரிவில் இறங்க, வடம் இறுகித் தண்ணீர்ச் சால் மேலேறி, அதன் தோல் தும்பி வழியே தண்ணீர் கொட்டுகிற ஓசையை வைத்தே, இன்னும் எத்தனை சால் இறைக்கலாம் என்று சொல்லிவிடுவாராம். பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கிக் கோவை ஆலைகளுக்கு வலுவூட்டிய மின்சாரம் எங்கள் காட்டை எட்டப் பல ஆண்டுகள் ஆயின. இடையில் ஆயில் எஞ்சின் புகைந்தது, பிறகு ஐந்து குதிரைத்திறன் மோட்டார் வந்தது. 1990-இல் உழவர்களுக்கு மின்சாரம் இலவசமானது பெரிய உதவிதான்; ஆனால் எவ்வளவு இறைக்கிறோம் என்று கணக்குப் பார்க்கும் பழக்கமும் அதோடு போயிற்று என்பேன். என் தம்பி இதை ஒப்புக்கொள்ள மாட்டான்.

இப்போது ஆயிரம் அடியைத் தாண்டிய போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, இருக்கிறது. பொறியியல் படித்த என் தம்பி, நீரோட்டம் பார்த்தவரின் உள்ளங்கையில் தேங்காய் நிமிர்ந்து நின்ற இடத்தில்தான் அதைப் போட்டான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கைப்பேசியிலேயே மோட்டாரைப் போடுகிறான். ஒருநாள் மோட்டார் ஓடுகிறது என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. போய்ப் பார்த்தால் குழாயில் காற்றுதான் வந்தது. தண்ணீர் தரும்வரை நம்புவோம், தராவிட்டால் அடுத்ததை வாங்குவோம். கருவிகளிடம் நமக்குள்ள நம்பிக்கை அவ்வளவுதான், அதில் தவறும் இல்லை.

கிணறு வறண்டு இருபது ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் அதன் மேட்டில் வேம்படியில் இருக்கும் ஏழு கற்களுக்கு, எங்கள் கன்னிமார் தெய்வங்களுக்கு, ஆடிப் பதினெட்டன்று மஞ்சள் பூசிப் பொங்கல் வைப்பது ஓராண்டும் நின்றதில்லை. போருக்குப் பக்கத்தில் மாற்றிவிடலாம் என்று தம்பி சொன்னபோது அம்மா, "தண்ணி இருக்கற பக்கமெல்லாம் சாமியத் தூக்கீட்டுப் போனா, அது சாமியில்ல கண்ணு, மோட்டாரு" என்றார். அதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்ல வராது. மழைக்கு வேண்டிக்கொள்கிற அம்மா, மழை வராத ஆண்டிலும் கணக்குக் கேட்டதில்லை. அந்தக் கும்பிடு வரவு பார்த்துப் போடுவதன்று.

அரை நூற்றாண்டுக்கு மேல் மக்கள் கேட்டுக் காத்திருந்த அத்திக்கடவு - அவினாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி, 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானியின் உபரி நீரைக் கொண்டுசெல்ல வழி செய்திருக்கிறது. எங்கள் ஊர்க் குட்டை அந்தப் பட்டியலில் இல்லை. சென்ற ஆடியிலும் அம்மா கிணற்று மேட்டில் முள்ளை வெட்டச் சொல்லி, கற்களைக் கழுவத் தண்ணீர் கேட்டார். தம்பி கைப்பேசியில் மோட்டாரைப் போட்டுவிட்டு, போரடியிலிருந்து இரண்டு குடம் தண்ணீரைத் தானே சுமந்துவந்து கன்னிமார் முன்னால் இறக்கிவைத்தான்.