ஒரு கிராமுக்குள் 32 பூப்பந்து ஆட்டக்களம்

(பினாங்கு, ஜார்ஜ்டவுனில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரை)

எல்லாருக்கும் வணக்கம். ஐயா, மேடை விளக்கை மட்டும் கொஞ்சம் அணைத்துவிடுங்கள்.

இந்தத் தாளில் 6பி பென்சிலால் விரல் அகலத்துக்கு அழுத்தித் தேய்த்திருக்கிறேன். 9 வோல்ட் பேட்டரியின் கம்பியைக் கோட்டின் இந்த முனையில் வைக்கிறேன். எல்இடியின் ஒரு கால் பேட்டரியில்தான் இருக்கிறது. மறுகாலைக் கோட்டின் அந்த முனையில் தொடுகிறேன். எரிகிறதா? மங்கல்தான், ஆனாலும் பென்சில் கோட்டின் வழியே மின்சாரம் ஓடுகிறது.

பென்சிலில் இருப்பது கிராஃபைட். கார்பன் அணுக்களால் ஆன தாள்கள் அடுக்கடுக்காக இருக்கும். அதில் ஒரே ஒரு தாளை உரித்தெடுத்தால் கிராபீன். ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவசெலோவும் மான்செஸ்டரில் ஒட்டும் டேப்பை வைத்தே உரித்தார்கள். 2004இல் அதை வெளியிட்டார்கள், 2010இல் நோபல் பரிசு.

ஒரு கிராம் கிராபீனின் இரண்டு பக்கத்தையும் கணக்கிட்டால் 2,630 சதுர மீட்டர். பூப்பந்து ஆட்டக்களம் ஏறக்குறைய 82 சதுர மீட்டர். அப்படியானால் 32 களங்கள்!

பரப்பு ஏன் வேண்டும்? மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் சூப்பர் கெபாசிட்டரில் அயனிகள், அதாவது மின்னேற்றம் உள்ள துகள்கள், மின்வாயின் மேற்பரப்பில் வந்து ஒட்டி நிற்கின்றன, அவ்வளவுதான். அதனால் நொடிகளில் சார்ஜ் ஏறும், லட்சக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம். ஆனால் ஒரு கிலோவில் லித்தியம் பேட்டரி வைத்துக்கொள்ளும் ஆற்றலில் சிறு பங்கைத்தான் இது வைத்துக்கொள்ளும். இடம் கூடினால் அயனியும் கூடும்.

சிக்கல் என்னவென்றால், இந்தத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தேய்த்த சப்பாத்தியை மாவு தூவாமல் அடுக்கினால் என்ன ஆகும்? அம்மாமார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது நான் அவசரப்பட்டு மாதிரியைச் சூட்டடுப்பில் உலர்த்தினேன். இரண்டு வார வேலை, கருகிய அப்பளம்போல் சுருண்டு கிடந்தது. பிறகுதான் உறையவைத்து உலர்த்தக் கற்றேன். பனிக்கட்டி தாள்களை விலக்கிப் பிடித்துக்கொள்ளும்.

வேதியியல் இங்கேதான் மாவு தூவுகிறது. ஹம்மர்ஸ் முறை 1958இல் வந்தது: கிராஃபைட்டோடு கந்தக அமிலம், சோடியம் நைட்ரேட், பொட்டாசியம் பெர்மாங்கனேட். தாளின்மேல் ஆக்சிஜன் தொகுதிகள் முளைக்கும், இடையில் தண்ணீர் புகும், தாள்கள் பிரியும். குடுவையில் அது தே ஓ நிறத்தில், பால் சேர்க்காத தேநீர்போல் இருக்கும். ஆனால் இந்த ஆக்சைடு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. ஹைட்ரசீன் சேர்த்துச் சூடாக்கினால் ஆக்சிஜன் பெரும்பகுதி போய்விடும், தே ஓ கண்ணெதிரே கோப்பி ஓ, அதாவது கறுப்புக் காப்பி ஆகும், கடத்தல் திரும்பும். தம்பிகளா, ஹைட்ரசீன் கடும் நஞ்சு. ஆய்வகத்துக்கு வெளியே நினைக்கவும் கூடாது.

2008இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ரோட்னி ருவாஃப் குழு இப்படி மாற்றிய கிராபீனில் மின்வாய் செய்தது. அளந்த பரப்பு கிராமுக்கு 705 சதுர மீட்டர், ஒன்பது களத்துக்கும் குறைவு. அப்படியும் நீர்க்கரைசலில் கிராமுக்கு 135 ஃபாரட் கிடைத்தது; ஃபாரட் என்பது மின்னேற்றத்தைச் சேமிக்கும் திறனின் அலகு. உங்கள் வீட்டு மின்விசிறியின் கெபாசிட்டர் சில மைக்ரோஃபாரட்தான். காகிதக் கணக்கான 2,630ஐவிட, கையால் செய்து அளந்த இந்த 705ஐத்தான் நான் மதிக்கிறேன்.

இதற்குப் போட்டி நம் ஊரிலேயே இருக்கிறது: செம்பனைக் கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் கிளர்வுற்ற கரி. விலை மலிவு, பரப்பும் நிறைய. கிராபீன் அதை விலையிலும் ஜெயிக்க வேண்டும்.

சரி, தாளும் மல்டிமீட்டரும் மேசையிலேயே இருக்கும். பென்சில் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி, மின்தடை எத்தனை ஓம் ஏறுகிறது என்று பாருங்கள்.