கலைஞர் எங்கே நிற்கிறார்?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கலைஞர்களுக்கும் சமூக மாற்றத்துக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் அழைத்தபோது, நெடுங்காலமாக என் மனத்தில் இருந்துவரும் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்க வாய்ப்புக் கிடைத்ததென்று மகிழ்ந்தேன். கலையால் சமூகத்தை மாற்ற முடியுமா என்றுதான் வழக்கமாகக் கேட்கிறார்கள். முடியும் என்பவர்களும் முடியாது என்பவர்களும் தத்தம் சான்றுகளோடு தயாராக இருப்பதால் அந்த வழக்கு முடிவதே இல்லை. நான் கேட்க விரும்புவது அதைவிட எளிமையானது. ஒரு சமூக அவலத்தைப் படைப்பாக்கிய கலைஞர், அந்த அவலத்தில் உழன்றுகொண்டிருந்த மனிதர்களுக்கு எவ்வளவு அருகில் நின்றார்? எவ்வளவு காலம் நின்றார்? வேலை முடிந்த பிறகு அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் தம்மை வைத்துக்கொண்டாரா? இந்த மூன்றையும் கேட்டுவிட்டால், எந்தப் படைப்பு எதை அசைத்தது என்பது பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும் என்பது என் துணிபு.

உங்கள் எல்லோருக்கும் பழக்கமான ஓர் அனுபவத்திலிருந்து தொடங்குகிறேன். நாளிதழைப் புரட்டும்போதோ கைப்பேசியில் செய்திகளைப் பார்க்கும்போதோ துயரமான படம் ஒன்று கண்ணில் படுகிறது. இடிந்த வீட்டின் முன் நிற்கும் ஒரு முதியவர், அல்லது தன் வயதுக்கு மீறிய சுமையைத் தூக்கிச் செல்லும் ஒரு சிறுவன். மனம் கலங்குகிறது, சற்றே நிற்கிறோம், பிறகு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். அந்தக் கலக்கம் பொய்யானதன்று. போய்ச் சேர ஓர் இடம் இல்லாததால் அது அங்கேயே வற்றிவிடுகிறது. கலக்கத்தை உண்டாக்கத் தெரிந்த கலைஞர்கள் ஏராளம். அது எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதையும் சேர்த்து யோசித்தவர்கள் சிலரே. அந்தச் சிலரில் ஒருவர் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் லூயிஸ் ஹைன்.

ஹைன் அடிப்படையில் ஒரு பள்ளி ஆசிரியர். 1908இல் அவர் அந்த வேலையை விட்டுவிட்டு, குழந்தை உழைப்புக்கு எதிராகப் போராடிவந்த தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவில் முழுநேரப் படப்பிடிப்பாளராகச் சேர்ந்தார். பஞ்சாலைகளிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் கண்ணாடித் தொழிற்சாலைகளிலும் சிறுவர் சிறுமியர் வேலை செய்வதைப் படம்பிடிக்க எந்த முதலாளியும் அனுமதிக்கமாட்டார் என்பதால், தீயணைப்புப் பரிசோதகர், பைபிள் விற்பவர், அஞ்சலட்டை வியாபாரி என்று பலவாறு சொல்லிக்கொண்டு அவர் உள்ளே நுழைந்தார். குழந்தையின் உயரத்தைத் தம் சட்டைப் பொத்தான்களை வைத்தே அளந்துகொண்டார். பையில் மறைத்து வைத்திருந்த சிறு குறிப்பேட்டில் பெயர், வயது, வேலை நேரம், கூலி ஆகியவற்றைப் பதிந்துகொண்டார். அந்தக் குறிப்புகள் இல்லாமல் படங்கள் மட்டும் இருந்திருந்தால், அவை இரக்கத்தை வரவழைக்கும் அழகிய படங்களாக மட்டுமே நின்றிருக்கும். குறிப்புகளோடு சேர்ந்தபோது அவை வாக்குமூலங்களாயின. அவர் எடுத்த 5,000க்கும் மேற்பட்ட படங்களைக் குழு துண்டறிக்கைகளிலும் கண்காட்சிகளிலும் பொதுக்கூட்டங்களிலும் சட்டமன்ற உறுப்பினர்கள் முன்னிலையிலும் பயன்படுத்தியது. பார்த்தவரின் கலக்கம் போய்ச் சேர ஓர் இடம் அங்கே ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தது.

அப்படியிருந்தும் எவ்வளவு காலம் பிடித்தது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். 1916இல் குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்தும் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று நிறைவேறியது. இரண்டே ஆண்டுகளில், 1918இல், உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்று தள்ளியது. நிலைத்து நின்ற சட்டம் 1938இல்தான் வந்தது. ஹைன் குழுவில் சேர்ந்து 30 ஆண்டுகள் ஆகியிருந்தன. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அவர் வறுமையில் இறந்தார். ஆகவே, ஒரு படம் வெளிவந்தது, நாடு விழித்துக்கொண்டது என்று யாரேனும் சொன்னால் நான் ஏற்பதில்லை. தொழிற்சங்கத்தார், ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், தாய்மார்கள் எனப் பலர் வடம் பிடித்து இழுத்த தேரில் அவரும் ஒரு கை கொடுத்தார். அந்தக் கையை அவர் பல ஆண்டுகள் எடுக்கவில்லை என்பதுதான் நான் மதிப்பது.

இதற்கு நேர்மாறாக, உலகமே அறிந்த ஒரு படத்தை நினைத்துப் பாருங்கள். 1936இல், பெரும் பொருளாதார வீழ்ச்சியின் காலத்தில், கலிஃபோர்னியாவின் நிப்போமோ என்னுமிடத்தில், பட்டாணி பறிக்கும் தொழிலாளர் முகாமில் டோரதியா லாங் எடுத்த ஒரு தாயின் படம் அது. கன்னத்தில் கைவைத்துத் தொலைவைப் பார்க்கும் தாய், முகத்தைத் திருப்பிக்கொண்டு அவர் தோளில் சாய்ந்திருக்கும் இரு குழந்தைகள். சில நிமிடங்களே அங்கே இருந்ததாகவும், அந்தப் பெண்ணின் பெயரையோ கதையையோ கேட்கவில்லை என்றும் லாங் பின்னர் எழுதினார். படங்கள் நாளிதழில் வெளியானதும் அரசு 20,000 பவுண்டு எடையுள்ள உணவுப் பொருள்களை அந்த முகாமுக்கு அனுப்பியது. கலையின் ஆற்றலுக்கு இதைவிட உடனடியான சான்று கிடையாது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அந்தத் தாயும் பிள்ளைகளும் அதற்குள் அங்கிருந்து புறப்பட்டுப் போயிருந்தார்கள். அவர் யாரென்று உலகம் அறிந்தது 1978இல். அந்தப் படம் எடுக்கப்படாமலே இருந்திருக்கலாம் என்றும், அதனால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்றும் அவர் சொன்னார். லாங்கை நான் குறை சொல்லவில்லை. அவர் உண்மையான அக்கறையோடு பணியாற்றியவர், முகாமில் இருந்த ஏனையோருக்கு உணவும் வந்து சேர்ந்தது. என் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது: அந்தப் படத்தில் இருந்தவருக்கு யார் பதில் சொன்னார்கள்?

பெயர் கேட்பது சிறிய செயலாகத் தோன்றலாம். அது சிறியதன்று. 1943இல் வங்கப் பஞ்சம் இலட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனபோது, சித்தப்ரசாத் என்னும் இளம் ஓவியர் மேதினிப்பூர் மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்து, பட்டினியால் வாடியவர்களை வரைந்தார். வரைந்தவர்களில் பலருடைய பெயரையும் ஊரையும் அவர்களுக்கு நேர்ந்ததையும் ஓவியத்தோடு சேர்த்தே எழுதினார். எலும்பும் தோலுமாய் இருந்தவர் அதனால் பஞ்சத்தின் அடையாளமாக மாறிவிடாமல், இன்ன ஊரைச் சேர்ந்த இன்னாராகவே நமக்கு முன் இருக்கிறார். அந்த ஓவியங்களும் குறிப்புகளும் சிறு நூலாக வெளிவந்தபோது ஆங்கிலேய அரசு பிரதிகளைக் கைப்பற்றி அழித்தது. ஒரு பேரரசு ஒரு சிறு நூலைக் கண்டு அஞ்சியதற்கு, அதிலிருந்த கோடுகளைப் போலவே அதிலிருந்த பெயர்களும் காரணமாக இருந்திருக்கும் என்று நான் கருதுகிறேன்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்தமான ஒருவரிடம் வருகிறேன். இவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்துவது எனக்குக் கடினம். நேயர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். நியூயார்க்கைச் சேர்ந்த மியர்ல் லேடர்மன் யூக்கலீஸ் என்னும் கலைஞர் 1968இல் தாயானார். குழந்தையைக் குளிப்பாட்டுவது, துவைப்பது, துடைப்பது, மறுநாள் எல்லாவற்றையும் மறுபடி செய்வது என்று நாள்கள் கழிந்தன. கலை உலகமோ எப்போதும் புதியதையே போற்றியது. பழையதை அழியாமல் காப்பாற்றும் உழைப்பை யாரும் ஏறிட்டும் பார்க்கவில்லை. 1969இல் அவர் ஓர் அறிக்கை எழுதினார். பராமரிப்பு வேலையே தம் கலை என்று அதில் அறிவித்தார். அதில் ஒரு கேள்வி கேட்கிறார். சமூக மாற்றத்தைப் பற்றிப் பேசும் எவரும் அதைக் கடந்து போய்விட முடியாது. புரட்சி முடிந்த பிறகு, திங்கட்கிழமை காலையில் குப்பையை அள்ளப்போவது யார்?

1973இல் ஹார்ட்ஃபோர்டு நகர அருங்காட்சியகம் ஒன்றின் படிகளையும் தரையையும் மண்டியிட்டுக் கழுவினார். 1976இல் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தின் பராமரிப்பு ஊழியர்கள் 300 பேரிடம், தங்கள் அன்றாட வேலையில் ஒரு மணி நேரத்தைக் கலையாக எண்ணிப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்த நிகழ்வைப் பற்றி எழுதிய விமர்சகர் ஒருவர், நகரத் தூய்மைத் துறையும் தன்னைக் கலை என்று அறிவித்துக்கொண்டு மானியம் கேட்கலாமே என்னும் பொருள்பட எழுதினார். அப்போது நியூயார்க் நகராட்சி கடும் நிதி நெருக்கடியில் இருந்தது. யூக்கலீஸ் அந்த விமர்சனத்தைத் தூய்மைத் துறை ஆணையருக்கே அனுப்பிவைத்தார். பத்தாயிரம் பேரோடு சேர்ந்து கலை செய்ய விருப்பமா என்ற கேள்வி பதிலாக வந்தது. 1977 முதல் அவர் அந்தத் துறையின் சம்பளமில்லாத உறைவிடக் கலைஞரானார், அதாவது துறைக்குள்ளேயே இருந்து படைக்கும் கலைஞரானார்.

அவர் உடனே எதையும் வரையவில்லை, கட்டவில்லை. துறை எப்படி இயங்குகிறதென்று முதலில் கற்றுக்கொண்டார். பிறகு 1979 முதல் 1980 வரை, ஓராண்டுக்குச் சற்றுக் குறைவான காலத்தில், நகரின் எல்லா வட்டாரங்களுக்கும் சென்று, ஏறத்தாழ 8,500 தூய்மைப் பணியாளர்களையும் ஒவ்வொருவராகச் சந்தித்துக் கைகுலுக்கினார். நியூயார்க்கை உயிரோடு வைத்திருப்பதற்கு நன்றி என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். கைகுலுக்கல் என்று கேட்டவுடன் இது ஒரு சடங்குதானே என்று தோன்றலாம். விடியற்காலையில் அவர்கள் வேலைக்கு வந்து கூடும்போதே அவரும் போய் நின்றார், வண்டியோடு நடந்தார், அவர்கள் உடல் வளைந்து நிமிரும் விதத்தைத் தாமும் செய்து பார்த்தார், அவர்கள் பேசியதைக் கேட்டார். அந்தக் கேட்டலுக்குத்தான் ஓராண்டு பிடித்தது.

அப்படிக் கேட்டதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்தச் சந்திப்புக்கு 17 ஆண்டுகளுக்கு முன்பு, கடும் வெயில் நாளொன்றில், வேலைக் களைப்பில் தாமும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு வீட்டு வாசற்படியில் சற்று உட்கார்ந்ததாகவும், வீட்டுக்காரப் பெண்மணி கதவைத் திறந்து, நாற்றம் பிடித்த குப்பைக்காரர்களே எழுந்து போங்கள் என்று விரட்டியதாகவும் ஒரு பணியாளர் அவரிடம் சொன்னார். அந்தச் சொல் இத்தனை ஆண்டுகளாகத் தொண்டையிலேயே அடைத்துக்கொண்டிருந்ததென்றும், இன்று நீங்கள் அதைத் துடைத்துவிட்டீர்கள் என்றும் சொன்னார். யூக்கலீஸ் அதை மறக்கவில்லை. 1984இல் நடந்த தம் கண்காட்சியில், பணியாளர்கள் நாள்தோறும் கேட்ட வசைச் சொற்களைக் கட்டடத்தின் கண்ணாடிகளில் எழுதவைத்து, சமூகத்தின் பல துறைகளைச் சேர்ந்தவர்களை அழைத்து அவற்றைக் கழுவித் துடைக்கச் செய்தார். எந்தச் சமூகம் இழித்துப் பேசியதோ, அந்தச் சமூகமே துணியை எடுத்துத் துடைக்க வேண்டியிருந்தது.

கைகுலுக்கினால் கூலி உயருமா, வேலையின் ஆபத்துக் குறையுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்; அவற்றுக்குச் சங்கமும் பேச்சுவார்த்தையும் சட்டமும் வேண்டும், கலை அவற்றின் இடத்தை எடுத்துக்கொள்ள முடியாது. ஆயினும் ஒரு மனிதரின் உழைப்பைக் கண்ணெடுத்தும் பார்க்காத சமூகம், அந்த உழைப்பின் விலையைப் பற்றிப் பேசவும் மறுக்கும். பார்க்க வைப்பது கலைஞரால் ஆகக்கூடிய காரியம். யூக்கலீஸ் ஒரு நாள் வந்து பார்க்க வைத்துவிட்டுப் போய்விடவில்லை. அந்தத் துறையோடு அவர் கொண்ட உறவு பல பத்தாண்டுகள் நீடித்தது. எவ்வளவு காலம் நின்றார் என்ற கேள்வியை நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

நேரம் நெருங்கிவிட்டதாகச் சைகை காட்டுகிறார்கள். ஜெர்மன் ஓவியர் கேத்தே கொல்விட்ஸைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன்; இரக்கத்தால் அல்லாமல், உழைப்பாளர்கள் அழகாகத் தெரிந்ததால்தான் தாம் அவர்களை முதலில் வரையத் தொடங்கியதாக அவர் எழுதியிருப்பதை மட்டும் குறிப்பிட்டு மேலே செல்கிறேன்.

பிரேசில் நாடக இயக்குநர் அகுஸ்தோ போவாலைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நிலத்துக்காக இரத்தம் சிந்துவோம் என்று பாடிய நாடகம் ஒன்றை அவருடைய குழு உழவர்களிடையே நடத்தியது. உணர்ச்சிவசப்பட்ட உழவர் ஒருவர், உங்கள் துப்பாக்கிகளோடு எங்களுடன் இப்போதே வாருங்கள் என்று அழைத்தார். துப்பாக்கிகள் நாடகத்துக்காகச் செய்தவை என்று நடிகர்கள் சொல்ல வேண்டியதாயிற்று. தாம் ஏற்கத் தயாராக இல்லாத ஆபத்தைப் பிறருக்கு அறிவுரையாக வழங்கும் நாடகத்தை அதன்பின் போவால் கைவிட்டார். காட்சியைப் பாதியில் நிறுத்தி, பார்வையாளரையே மேடைக்கு அழைத்து, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று நடித்துக் காட்டச் சொல்லும் முறையைப் பின்னர் வளர்த்தார். 1992இல் ரியோ டி ஜெனிரோ நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அதே முறையைச் சட்டம் இயற்றவும் பயன்படுத்தினார். மக்கள் நடித்துக் காட்டிய தீர்வுகள் மன்றத்தில் முன்மொழிவுகளாயின. அவருடைய நான்கு ஆண்டுப் பதவிக்காலத்தில் அவற்றிலிருந்து 13 சட்டங்கள் பிறந்தன. நகரத்தின் பொதுத் தொலைபேசிக் கூண்டுகள் தரையைத் தொடாமல் தூணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்ததால், பார்வையற்றவர்களின் கைத்தடி அவற்றை உணராமல் அவர்கள் தலையை மோதிக்கொண்டார்கள். கூண்டின் அடியில் கைத்தடி தட்டுப்படுமாறு ஒரு மேடை கட்ட வேண்டும் என்ற யோசனையை அவர்களே நாடகத்தின் வழியே முன்வைத்தார்கள். அதுவும் அந்தச் சட்டங்களுள் ஒன்றாயிற்று.

இவ்வளவு நேரம் பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. வணக்கம்.