கர்த்தரோடு மனம்விட்டுப் பேச

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம்.

பாளையங்கோட்டையில் கிளாரிந்தா அம்மையார் கட்டிய ஆலயம் 1785 முதல் நிற்கிறது. முதலூர் 1799இல் கிறிஸ்தவக் குடியிருப்பாக உருவானது. இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் பல்லாண்டு பாடுபட்டு எழுப்பிய ஆலயம் 1880இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. இப்படிப்பட்ட மண்ணில் பிறந்த நமக்கு ஞானஸ்நானமும், அதை வளர்ந்தபின் உறுதிசெய்யும் திடப்படுத்தலும், ஸ்தோத்திரப் பண்டிகையும், சபையார் கூடி உண்ணும் அசனமும் கேட்காமலே கிடைத்தவை. அதற்காக நான் தினமும் நன்றி சொல்கிறேன். ஆனால் தாத்தா அறிந்திருந்த கர்த்தரைப் பேரனும் அறிந்திருக்கிறான் என்று எந்தச் சபைப் பதிவேடும் சான்று தர முடியாது. அந்த உறவை அவனவன்தான் தொடங்க வேண்டும்.

கிறிஸ்தவக் கவிஞர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையை நினைத்துப் பாருங்கள். 1827இல் நெல்லைக்கு அருகே கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். அவருக்குக் கிறிஸ்துவை யாரும் பரம்பரையாகக் கொடுக்கவில்லை. தேடி, தயங்கி, 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். அவர் பாடிய இரட்சணிய மனோகரம் என்ற பக்திப் பாடல் நூலைப் படிக்கும்போது, நேரில் நிற்கிற ஒருவரிடம் உருகி மன்றாடுகிற குரல்தான் காதில் விழுகிறது. பரம்பரைக் கிறிஸ்தவர்களான நம்மிடம் அந்த உருக்கம் குறைந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

நம் ஜெபங்களைக் கவனியுங்கள். "எங்களை நேசிக்கிற நல்ல பரம பிதாவே" என்று தொடங்கிவிட்டால் ஆமென் வரைக்கும் வாக்கியங்கள் தாமாகவே வந்துகொண்டிருக்கும். இரவுக் குடும்ப ஜெபத்தில் அது தவறில்லை. பாயில் உட்கார்ந்து, பாதித் தூக்கத்தில் சிறு பிள்ளைகள் சொல்லும் ஆமெனுக்கு ஈடு ஏது? ஆனால் மனைவிக்குத் தெரியாமல் வாங்கிய கடனை அந்த ஜெபத்தில் யாரும் சொல்வதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வேலை கிடைத்த அன்று நம் வயிறு எரிந்ததையும் சொல்வதில்லை. தனி ஜெபத்திலும் அவற்றை விட்டுவிட்டு அதே பழகிய வாக்கியங்களையே சொல்கிறோம் என்பதுதான் என் கவலை.

"உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" ஜெபம்பண்ணு என்றார் இயேசு. நம் ஊர்களில் எத்தனையோ வீடுகள் ஒரே அறையும் திண்ணையும் கொண்டவை. பூட்டுவதற்கு உள்ளறை ஏது? அவருக்கும் தலைசாய்க்க இடம் இருக்கவில்லை. இருட்டோடே எழுந்து வனாந்தரமான ஓர் இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு எழுதுகிறார். வேறு யாருக்காகவும் அழகாகப் பேச வேண்டாத ஓர் இடம், அவ்வளவுதான் தேவை.

முக்கூடல் பக்கம் என் பெரியம்மாவுக்கு அந்த இடம் அவர் மடியில் இருந்த சுளகு. அதில் ஒரு பக்கம் வெட்டிய பீடி இலை, மறுபக்கம் தூள். விரல்கள் இலையைச் சுருட்டி, மடக்கி, நூலைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே உதடுகளும் அசையும். அருகில் உட்கார்ந்தால் கேட்கும்: "ஆண்டவரே, இன்றைக்குக் கொடுத்த இலை முழுக்க ஓட்டை. இதில் ஆயிரம் எப்படித் தேறும்? கடையில் கழித்துப் போடுவார்கள். நீர்தாம் பார்க்க வேண்டும்." அதே மூச்சில், "காலையில் மருமகளிடம் கடுகடுத்துவிட்டேன், அது தப்பு" என்பார். அந்த ஜெபத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை.

பெரியப்பா திடீரென்று இறந்துபோனபோது பெரியம்மா கர்த்தர்மேல் கோபப்பட்டார். அதையும் சுளகுக்கு முன்னால் உட்கார்ந்து அவரிடமேதான் சொன்னார். ஊரார் சிலர், இப்படிப் பேசலாமா என்று முகம் சுளித்தார்கள். பேசலாம் என்கிறது வேதம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று கேட்டவன் தாவீது. பிள்ளையில்லாத அன்னாள் சீலோவிலிருந்த ஆலயத்தில் உதடு மட்டும் அசைய அழுதபோது, ஆசாரியனாகிய ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று எண்ணினான். அவளோ, கர்த்தருடைய சந்நிதியில் என் இருதயத்தை ஊற்றிவிட்டேன் என்றாள். ஆலயத்திலேயே இருந்தவனுக்கு உண்மையான ஜெபம் அடையாளம் தெரியவில்லை என்பதை நாம் யோசிக்க வேண்டும். பெரியம்மா சண்டை போட்டாரே தவிர, ஒருநாளும் பேச்சை நிறுத்தவில்லை. அந்த வீட்டைத் தாங்கியது அதுதான் என்று நம்புகிறேன்.

நாம் பேசுவது போலவே அவர் பேசுவதையும் கேட்க வேண்டும். அதற்கு வேதத்தை மெதுவாக வாசிப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியாது. அதிகாரக் கணக்கு முடிக்க ஓடாதீர்கள். ஒரே சங்கீதத்தை ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். டோனாவூரில் ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் களக்காட்டில் விழுந்து அடிபட்ட பிறகு, 1951இல் மறையும்வரை பெரும்பாலும் ஒரே அறையில் கிடந்தார். வலியோடு, தூக்கம் இல்லாத இரவுகளோடு அங்கிருந்தே எழுதிக்கொண்டிருந்தார். ஓடியாடி ஊழியம் செய்த காலத்திலேயே கர்த்தரோடு பழகியிருந்ததால்தான் அந்த அறையில் அவர் வறண்டுபோகவில்லை. நோயில் விழுந்த பிறகு தொடங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று. தொடர்ந்து ஜெபிக்கும்போது ஒரே முகம் திரும்பத் திரும்ப நினைவுக்கு வரும். வரப்புத் தகராறில் பேச்சை விட்டுவிட்ட தம்பியின் முகமாக இருக்கலாம். ஜெபத்துக்கு இடையூறு என்று அதைத் தள்ளிவிடப் பார்ப்போம். இயேசுவோ, காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்னார். அன்றைக்கு ஜெபம் பாதியில் நின்றால் நிற்கட்டும். தம்பி வீட்டுக்குப் போய்விட்டு வந்து தொடருங்கள்.

நன்றி, வணக்கம்.