சுவரோரம் கொய்யா, பாதையோரம் அத்தி: நிழலை அளந்து போட்ட பழத்தோட்டம்

வணக்கம் நண்பர்களே. முதலில் இந்தக் குச்சியைப் பாருங்கள். மணி 12.20. வெயில் மண்டையைப் பிளக்கிறது, ஆனால் குச்சிக்கு நிழல் இல்லை. கேமராவை இன்னும் கீழே கொண்டு போகிறேன். அடியில் ஒரு பொட்டு மாதிரி தெரிகிறதா? அவ்வளவுதான். இன்று ஆகஸ்ட் 27. மதுரையில் வருடத்துக்கு இரண்டு தடவை, ஏப்ரல் நடுவில் ஒன்று, ஆகஸ்ட் கடைசியில் ஒன்று, மதியச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இன்றிலிருந்து அது தெற்கே சாய ஆரம்பிக்கும். மார்கழியில் நன்றாகவே சாய்ந்துவிடும்.

பழமரம் வைக்கிற வீடியோவில் இது எதற்கு என்று கேட்பீர்கள். இந்த நிழல் கணக்கு தெரியாமல் ஒரு மாமரத்தை மூன்று வருடம் வீணாக்கியவன் நான். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

எங்கள் மனை 40க்கு 60, அஞ்சரை சென்ட். வாசல் கிழக்கே. வீடு போக, பின்னால் 18 அடி அகலத்துக்கு ஒரு துண்டு, வடக்கே 5 அடிச் சந்து, முன்னால் கார் நிற்கும் இடம். இதில் போய் பழத்தோட்டமா என்று பக்கத்து வீட்டு அண்ணன் சிரித்தார். மரத்தை அது இஷ்டத்துக்கு விட்டால் அவர் சிரித்தது சரிதான். ஒரு கொய்யா 20 அடிக்குப் படர்ந்து எல்லாவற்றையும் மூடிவிடும். ஆனால் கட்டி வளர்த்தால், அதாவது கம்பியில் தட்டையாகவோ, கையெட்டும் உயரத்தில் கிண்ணம் மாதிரியோ வைத்துக்கொண்டால், இதே இடத்தில் அஞ்சாறு மரம் நிற்கும்.

போன மார்கழியில் அம்மாவிடம் கோலப்பொடி டப்பாவை வாங்கிக்கொண்டு, காலை 9 மணி, மதியம், மாலை 4 மணி என்று நிழல் விழும் ஓரத்தையெல்லாம் தரையில் கோடு போட்டேன். கோலப்பொடியை வீணாக்குகிறான் என்று திட்டு விழுந்தது. ஆனால் அன்றுதான் விஷயம் புரிந்தது. கைப்பிடிச் சுவரோடு சேர்த்து எங்கள் வீடு 14 அடி உயரம். மார்கழி மதியத்தில் அதன் நிழல் வடக்கே 9 அடிக்கு விழுகிறது. சந்தின் அகலம் 5 அடிதான். மாமரம் பூக்கத் தயாராகிற மாதங்கள் முழுக்க அந்தச் சந்தில் மதிய வெயிலே கிடையாது. சித்திரையில் பார்த்தால் நல்ல வெயில் அடிக்கும், ஏமாந்துவிடுவோம். நான் ஏமாந்தேன். இப்போது அங்கே வெற்றிலைக் கொடியும் கறிவேப்பிலையும்தான். வெற்றிலைக்கு அந்த நிழல் பிடித்திருக்கிறது.

சரி, பின்பக்கம் வாங்க. இந்த மேற்குக் காம்பவுண்டுச் சுவர்தான் நம் முக்கியமான இடம். மரத்தைச் சுவரோடு தட்டையாக வளர்ப்பதை எஸ்பாலியர் என்கிறார்கள். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுப் பழக்கம். பாரிஸுக்குப் பக்கத்தில் மொன்ட்ரே என்ற ஊரில் பீச் பழத்துக்காகவே வரிசை வரிசையாகச் சுவர் கட்டியிருந்தார்கள். குளிர் தேசம், பகலில் சுவர் வாங்கிய சூட்டை ராத்திரியில் மரத்துக்குக் கொடுக்கும். அவர்களுக்கு அது வரம். மதுரைக்காரனுக்கு? சாயங்காலம் ஆறு மணிக்கு இந்தச் சுவரில் கை வைத்துப் பாருங்கள், தோசைக்கல். வெளிப்பக்கம் மேற்கு வெயில் வாங்கி, சுவர் முழுக்கச் சுட்டுப் போயிருக்கும். வெளிநாட்டு வீடியோவைப் பார்த்துச் சுவரிலேயே ஆணி அடித்துக் கம்பி இழுத்தீர்கள் என்றால் இலை கருகுவது நிச்சயம்.

அதனால் நான் சுவரிலிருந்து 2 அடி தள்ளிக் கல்தூண் நட்டேன், திராட்சைப் பந்தலுக்கு நடுவார்களே, அதே கல். மூன்று வரிசை ஜி.ஐ. கம்பி: தரையிலிருந்து ஒன்றரை அடி, மூன்று அடி, நாலரை அடி. காற்று போகும், பின்னால் நுழைந்து கட்டவும் முடியும். காலை ஒன்பதரைக்கு மேல் மதியம் இரண்டு வரை கீழ்க் கம்பி வரைக்கும் வெயில் கிடைக்கிறது. மேல் கம்பிக்கு இன்னும் கொஞ்சம் அதிகம்.

இந்தக் கம்பியில் எந்த மரத்தை ஏற்றுவது? நர்சரியில் இதைக் கேட்டால் எது கையில் இருக்கிறதோ அதைச் சொல்வார்கள். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த மரம் எந்தக் கிளையில் காய்க்கும்? புதுத் துளிரிலா, பழைய கிளையிலா, நுனியிலா? இதற்குப் பதில் தெரிந்த பிறகுதான் கத்தரியைக் கையில் எடுக்க வேண்டும்.

கொய்யா புதுத் துளிரில் காய்க்கும். இந்தத் துளிரைப் பாருங்கள், இந்தப் பருவத்தில் வந்தது. அடியிலிருந்து எண்ணுங்கள், இரண்டாவது மூன்றாவது இலை ஜோடியின் கக்கத்தில் மொட்டு உட்கார்ந்திருக்கிறது. அப்படியென்றால் நாம் எவ்வளவு வெட்டினாலும் மறுபடி துளிர்க்கும், துளிரோடு பூவும் வரும். கம்பியில் கட்ட இதைவிடச் சாதுவான மரம் இல்லை. லக்னோவில் இருக்கும் மத்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் இந்தக் குணத்தை வைத்தே 2 மீட்டருக்கு 1 மீட்டர் இடைவெளியில், ஹெக்டேருக்கு 5,000 கொய்யா நடும் முறையைக் கொண்டுவந்தார்கள். நம் ஊர் விவசாயிகளும் கொய்யாக் கிளையை வளைத்துக் கயிறு போட்டுக் கீழே இழுத்துக் கட்டுவார்கள். நிமிர்ந்த கிளையில் நுனிமொட்டு மற்ற மொட்டுகளை எழவிடாது. கிளை படுத்துவிட்டால் அந்த அதட்டல் குறைந்து, நீளம் முழுக்கக் கணுவுக்குக் கணு துளிர் வரும்.

என்னுடையவை மூன்று மரங்கள், 10 அடிக்கு ஒன்று. ரகம் லக்னோ 49. பெயரில்தான் லக்னோ, தேர்ந்தெடுத்தது புனேயில் உள்ள கணேஷ்கிண்ட் பழ ஆராய்ச்சி நிலையத்தில். இயல்பாகவே படரும் ரகம், அதனால் எடுத்தேன். பதியன் கன்றா, அதாவது தாய்மரக் கிளையிலேயே வேர் விடவைத்துப் பிரித்ததா என்று கேட்டு வாங்குங்கள். முதல் தடவை எனக்குப் பதியன் என்று சொல்லி விதைக்கன்றைக் கொடுத்துவிட்டார்கள். எந்த நர்சரி என்று சொல்லவில்லை, விடுங்கள். வேரைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: நடுவில் ஆணிவேர் நேராக இறங்கியிருந்தது. பதியனுக்கு ஆணிவேர் இருக்காது, தண்டிலிருந்து பக்கவேர்தான்.

கட்டும் விதம் சொல்கிறேன். கன்றை முதல் கம்பிக்கு ஒரு விரற்கடை கீழே வெட்டுங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும், பாதிக் கன்று கீழே கிடக்கும். மூன்று வாரத்தில் நாலைந்து துளிர் வரும். மூன்றை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளுங்கள்: இடது, வலது, நடு. நடுத்துளிர் நேராக மேலே போகட்டும். இடது வலதை உடனே கம்பியில் படுக்க வைக்கக் கூடாது, வளர்ச்சி நின்றுவிடும். மூங்கில் குச்சியைச் சாய்வாகக் கட்டி, அதன் மேல் ஓடவிட்டு, இரண்டரை மூன்று அடி வந்தபின் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்குங்கள்.

எப்போது இறக்குவது என்பதைக் கொய்யாவே சொல்லும். இளந்தண்டை விரலில் உருட்டிப் பாருங்கள், நாலு பட்டையாக இருக்கும். அதுவரை சொன்ன பேச்சு கேட்கும். பட்டை போய் உருண்டையாகி, பழுப்பு நிறம் வந்துவிட்டால் வளைக்காதீர்கள், ‘டப்’ என்று முறியும். கம்பியில் படுக்கிற பக்கக் கிளையைக் கை என்பேன், எனக்கு இரண்டு கை அப்படிப் போயிருக்கிறது. இன்னொன்று நைலான் கயிற்றால் போனது. கட்டியதை மறந்துவிட்டேன், தண்டு பருத்தது, கயிறு உள்ளே இறங்கியது, ஆடிக்காற்றில் அந்த இடத்திலேயே ஒடிந்தது. இப்போது வாழைநார்தான். நாலைந்து மாதத்தில் தானே மக்கி அறுந்துவிடும், நாம் மறந்தாலும் பரவாயில்லை.

நடுத்தண்டு இரண்டாவது கம்பிக்கு வந்ததும் இதையே திரும்பச் செய்யுங்கள், பிறகு மூன்றாவது. குளிர் தேசத்து ஆப்பிளுக்கு ஒரு அடுக்குக்கு ஒரு வருடம் என்று கணக்கு. எனக்கு மூன்று அடுக்கும் 15 மாதத்தில் முடிந்தது. ஆனால் அந்த வேகத்துக்கு விலை உண்டு. படுத்த கையிலிருந்து நீர்ப்போத்து, அதாவது நிமிர்ந்து வளரும் கொழுத்த துளிர், விறுவிறுவென்று மேலே பாயும். பத்து நாள் ஊருக்குப் போய்வந்தால் அடையாளம் தெரியாது. மொட்டு தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, அதற்கு மேல் இரண்டு மூன்று ஜோடி இலை விட்டு நுனியைக் கிள்ளுங்கள். மொட்டு தெரியும் முன் கிள்ளினால் காயையும் சேர்த்துக் கிள்ளியதாகிவிடும்.

தட்டையாக வளர்த்ததில் எனக்குப் பிடித்ததே வேறு. மழைக்காலக் கொய்யாவைப் பிளந்தால் புழு நெளியும், பழ ஈ வேலை. காய் எலுமிச்சை அளவு வந்ததும் ஒவ்வொன்றுக்கும் உறை போட்டால் போதும். 20 அடி மரத்தில் யார் ஏறிப் போடுவது? இங்கே அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து, பேசிக்கொண்டே போட்டுவிடுகிறார். மெத்தில் யூஜினால் பொறி ஒன்றும் தொங்குகிறது, ஆண் ஈக்கள் அதில் விழும். அணிலுக்கு மட்டும் வழி தெரியவில்லை.

இப்போது மாமரக் கதை. கொய்யா நன்றாக வந்த திமிரில் வடக்குச் சந்தில் ஒரு மாவைக் கம்பியில் ஏற்றினேன். மா நுனியில் பூக்கும். அதுவும் நேற்று வந்த நுனியில் இல்லை, துளிர்த்து முற்றி, குறைந்தது மூன்று நாலு மாதம் ஓய்ந்திருந்த நுனியில். நான் என்ன செய்தேன்? ஐப்பசி மழையில் துளிர் கட்டுக்கடங்காமல் வந்ததும், கார்த்திகையில் ‘ஒழுங்கு’ செய்தேன். தையில் பூக்க வேண்டிய அத்தனை நுனியும் குப்பையில். அடுத்த வருடமும் அதேதான். மூன்றாவது வருடமும். கூடவே மார்கழி நிழல். படத்தில் போடுகிற மாதிரி அழகான மரம், ஒரு பூ இல்லை. போன வருடம் எடுத்துவிட்டேன்.

இன்று வைக்கப்போகிற மா இதோ, இந்தத் தென்மேற்கு மூலையில். அம்மாவுக்குக் கன்னி மூலையில் பாரம் இருக்க வேண்டும், எனக்கு மார்கழியிலும் வெயில் இருக்க வேண்டும். இருவரும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்ட ஒரே இடம் இதுதான். ரகத்தில் சண்டை நடந்தது. அவர் இமாம் பசந்த் கேட்டார். ருசிக்கு அதை மிஞ்ச முடியாது, ஆனால் பெரிதாக வளரும், காய்ப்பில் கஞ்சம். நான் அம்ராபாலி எடுத்திருக்கிறேன், தசேரிக்கும் நீலத்துக்கும் பிறந்த டெல்லிக் கலப்பு. குட்டை, வருடா வருடம் காய்க்கும்.

ஆப்பிளுக்கு மரத்தைக் குட்டையாக வைக்கும் வேர்க்கன்றே (ஒட்டுக்கு அடியில் வேராக நிற்கும் கன்று) உண்டு, இங்கிலாந்தில் ஈஸ்ட் மாலிங்கில் தேர்ந்தெடுத்த எம்9 மாதிரி. நமக்குக் கிடைக்கும் மா ஒட்டு ஏதோ ஒரு கொட்டையில் முளைத்த கன்றின் மேல் கட்டியது. வேர் அடக்காது, கத்தரிதான் அடக்க வேண்டும். இரண்டு அடியில் ஒரு வெட்டு, மூன்று கிளை. அவை ஒவ்வொன்றும் இரண்டு அடி போனதும் மறுபடி. துளிர் முடிகிற இடத்தில் மொட்டுகள் வளையம் போல நெருங்கியிருக்கும். அதற்கு மேலே வெட்டினால் கொத்தாக ஏழெட்டு வரும், கீழே வெட்டினால் இடைவெளியோடு இரண்டு மூன்று. கீழேதான் வெட்ட வேண்டும். காய்க்க ஆரம்பித்த பிறகு கவாத்து வருடத்துக்கு ஒரே முறை, பழம் பறித்த கையோடு ஆனி ஆடிக்குள். அப்போதுதான் புதுத்துளிர் தைக்குள் முற்றும். மாம்பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சமையலறைக் கதவிலிருந்து துவைக்கிற கல் வரைக்கும் பாதையோரம் அத்தி. ஜப்பானில் அத்தியை முழங்கால் உயரத்தில் இரண்டு பக்கமும் நீட்டி ஒரே கோடாகப் படுக்க வைப்பார்கள். அதிலிருந்து நிமிர்ந்து வரும் கிளைகளில் காய், முடிந்ததும் ஒன்றிரண்டு கணு விட்டு வெட்டிவிடுவார்கள். அதைத்தான் செய்திருக்கிறேன். மழையில் இலையில் துருநோய் வருகிறது, அதுதான் குறை. மாதுளை முன்பக்கம், அடியிலிருந்து நாலு தண்டு விட்டு விசிறி மாதிரி. அது பழைய கிளையின் குட்டைத் துளிர்களில் காய்ப்பதால் வேலி வெட்டுகிற மாதிரி மொட்டையடிக்கக் கூடாது. கார் நிற்கும் இடத்துக்கு மேலே கம்பம் பன்னீர் திராட்சை, பந்தல். எலுமிச்சையை விட்டுவிட்டேன், முள்ளோடு யார் மல்லுக்கட்டுவது.

சரி, நடுவோம். குழி 2 அடிக்கு 2 அடிக்கு 2 அடி, பதினைந்து நாள் முன்பே எடுத்து ஆறப்போட்டது. மேல்மண் தனியாக வைத்திருந்தேன், அதோடு மக்கிய சாணம் இரண்டு சட்டி, வேப்பம்புண்ணாக்கு ஒரு கிலோ. பாலிதீனைக் கிழித்தாயிற்று. சுற்றிக்கொண்ட வேரை வெட்டிவிடுகிறேன். ஒட்டு இருக்கும் இடம் மண்ணுக்கு மேலே அரையடி நிற்க வேண்டும், ஒட்டில் சுற்றிய டேப்பையும் எடுத்துவிடுங்கள், பலர் மறந்துவிடுகிறார்கள். ஒட்டுக்குக் கீழே துளிர் வந்தால் கையோடு கிள்ளுங்கள். உண்மையில் சாயங்காலம்தான் நட வேண்டும், நிழல் காட்டுகிற ஆசையில் மதியமே குழிப் பக்கம் வந்துவிட்டேன். அதனால் கன்றை வைத்துக் காட்டிவிட்டு, திரும்ப நிழலுக்குக் கொண்டு போகிறேன். ஐந்து மணிக்கு மண் தள்ளிக் குச்சி கட்டும்போது கேமராவைத் திரும்ப ஆன் செய்கிறேன்.

அம்மா இப்போதே வாளியோடு வந்து நிற்கிறார். இன்னும் ஒரு விஷயம் அவரிடம் சொல்லவில்லை: முதல் இரண்டு வருடம் வருகிற பூவை நான் கிள்ளிப் போடப்போகிறேன். கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறேன், கேட்டுவிடப் போகிறது.